நிலக்கிரயமும் 'நம்மவர்' என்னும் நம்பிக்கையும்

(பெருந்துறையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நிலம் வாங்குதல், வீடு வாடகைக்கு விடுதல், நிலத் தரகு செய்தல் ஆகிய மூன்றைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லும்படி சங்கத்தார் நம்மைப் பணித்தனர். உழவையே உயிராகக் கொண்ட குடியினர்க்கு நிலத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். மண்ணின் குணத்தை அறிந்தவர் நம்மில் பலர்; மண்ணின் தஸ்தாவேஜை அறிந்தவர் சிலரே. ஆகையால் இதனைப் பேசத் துணிந்தோம்.

1955ஆம் ஆண்டில் முடிவுற்ற பவானிசாகர் அணையினின்றும் கீழ்பவானி வாய்க்கால் வழியே நீர் பாய்ந்ததனால் இப்பக்கத்து மானாவாரிக் காடுகள் பல வயல்களாயின. பின்னர்ச் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிற்று. சேலம்–கொச்சி நெடுஞ்சாலையும் அகன்றது. ஏக்கர்க் கணக்கில் பேசிய நிலத்தைச் சென்ட் கணக்கிலும், சென்டைச் சதுர அடிக் கணக்கிலும் பேசலாயினர். விலை ஏறியவிடத்து வழக்கும் ஏறுதல் உலகியல்பு.

அவ்வழக்குகளுக்கு ஒரு காரணம் நமது பழக்கத்திலேயே இருக்கின்றது. விற்பவர் பங்காளியாகவோ, மாமன் மைத்துனர் முறையினராகவோ இருப்பார். தரகரும் நம் ஊராரே. 'நம்மவர்தானே! பத்திரத்தைக் கேட்டால் மனம் நோவாரே!' என்று வாங்குவோர் கூசுகின்றனர். அக்கூச்சத்திற்கு விலையாக ஆயுட்காலச் சம்பாத்தியம் முழுதும் போவதுண்டு. அதன்பின் உறவும் கோர்ட்டு வாசலில் முடிகின்றது. ஆதலின், உறவினரிடம் வாங்குங்கால் அன்னியரிடம் வாங்குவதைவிட இருமடங்கு சோதித்து வாங்குக என்பதே நாம் சொல்ல வந்த பொருள்.

நிலம் வாங்குவோர்க்கு

முதலாவது, மூலப்பத்திரம் தொடங்கி இன்று விற்பவர் வரையில் உரிமை இடையறாது வந்துளதா என்பதை வக்கீலைக் கொண்டு பார்த்தல் வேண்டும். வில்லங்கச் சான்று முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் எடுக்க. எனினும், அச்சான்று பதிவானவற்றை மட்டுமே காட்டும்; பதியப்படாத உயிலையோ, கையொப்பமிடாத வாரிசின் பங்கையோ காட்டாது. பட்டாவும் வருவாய்த் துறையின் பதிவேயன்றி அதுவே முழு உரிமை ஆகாது.

இரண்டாவது, பெண்மக்களின் பங்கு. தந்தை தாமே தேடிய சொத்தை உயில் எழுதாது இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் பங்குண்டு. பூர்வீகச் சொத்தில், 25-3-1989 அன்று மணமாகாதிருந்த பெண்மக்களுக்கு நமது மாகாணச் சட்டம் ஆண்மக்களோடு ஒத்த பங்கு அளித்தது. 9-9-2005 முதல் மத்திய சட்டம் மணமானவர்க்கும் அவ்வுரிமையை நல்கிற்று. அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 20-12-2004க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினையும் கிரயமும் இதற்கு விலக்கு. 'கல்யாணத்தில் சீர் செய்தோம், நகை போட்டோம்' என்பது சட்டத்தின்முன் விடுதலைப் பத்திரம் ஆகாது. சகோதரியின் கையொப்பமில்லாப் பூர்வீக நிலத்தை வாங்குவோர் ஒரு வழக்கையும் சேர்த்து வாங்குகின்றனர். விற்கும் அண்ணன்மாருக்கும் இதனையே சொல்வோம்: அவள் பங்கை அளித்தோ, அவள் மனமுவந்து எழுதிப் பதிந்து தரும் விடுதலையைப் பெற்றோ விற்பதே நீதி.

மூன்றாவது, நிலத்தின் வகை. கோயில் நிலமும் புறம்போக்கும் வாங்கத் தகாதன. 1892ஆம் ஆண்டின் சர்க்கார் உத்தரவின்படி ஆதிதிராவிட மக்களுக்கு அளிக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பிறர் வாங்குதல் செல்லாது, அது நியாயமுமன்று. சிப்காட் தன் எல்லைக்குள் தரும் மனை 99 ஆண்டுக் குத்தகையேயாதலின், அதனைச் சொந்த நிலமென்று எண்ணி ஏமாறலாகாது.

நான்காவது, நேரிற் பார்த்தல். புலப்படத்தோடு நில அளவரை வைத்து நான்கு எல்லைகளையும் அளந்தறிக. இட்டேரியில் வண்டித்தடப் பாத்தியம், கிணற்றிலும் மின் இணைப்பிலும் உள்ள பங்கு, வாய்க்கால் நீர்ப்பாத்தியம் ஆகியவை பத்திரத்தில் எழுதப்பட்டுளவா என்று காண்க. தடமில்லாத் தோட்டம் அண்டை வீட்டார் தயவில் வாழும் தோட்டமாகும். தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களில் நிலத்தடி நீர் கெட்டதென்ற முறையீடு நெடுங்காலமாக உள்ளதாகலின், கிணற்று நீரைச் சோதனைச்சாலைக்கு அனுப்பிய பின்னரே விலை பேசுக.

ஐந்தாவது, மனை வாங்குவோர் நகர் ஊரமைப்பு அனுமதியைக் கேட்க. 20-10-2016க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017ஆம் ஆண்டில் விதி வந்தது. அவ்வுத்தரவும் இல்லாத மனையை மலிவென்று வாங்கற்க. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத்திட்டம் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருத்தல் வேண்டும். அத்திட்டங்களில், பதிவான ஒப்பந்தமின்றி விலையில் பத்து சதவீதத்திற்கு மேல் முன்பணம் வாங்குவது குற்றம்.

ஆறாவது, பவர் பத்திரமும் கிரய ஒப்பந்தமும் மட்டும் கொண்டு உரிமை மாறாதென்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. பணத்தை வங்கி வழியே செலுத்துக. கிரயத்திற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகுமென்பதை முன்னரே கணக்கிற் சேர்த்துக்கொள்க.

வீடு வாடகைக்கு விடுவோர்க்கு

தொழிற்சாலைகளுக்கு வடநாட்டினின்றும் தொழிலாளர் வந்து குடியேறவே, நம்மவர் பலர் வரிசை வீடுகள் கட்டி வாடகைக்கு விடுகின்றனர். 22-2-2019 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாதல் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கொள்ளலாகாது. வாடகை பாக்கியென்று தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துதல் சட்டத்திற்கும் அறத்திற்கும் முரண். அயலூரான் நம் மொழி அறியாமை நமக்கு லாபமாகலாகாது. அவனுக்கும் ரசீது கொடுங்கள்.

புதிய தரகர்க்கு

தரகு கௌரவமான தொழிலே. அச்சட்டத்திற்கு உட்பட்ட திட்டங்களில் மனை விற்றுத்தருவோர் ஆணையத்தில் தம்மைப் பதிந்துகொள்ளுதல் கட்டாயம். தரகுத்தொகையை இரு தரப்பாரிடமும் முதலிலேயே சொல்லுக. பிறர் முன்பணத்தைத் தம் கையில் வைத்துக்கொள்ளற்க. குறையுள்ள நிலமாயின் குறையைச் சொல்லிப் பின் விலை சொல்லுக. ஒரு கிரயத்தில் வரும் தரகு சில மாதச் செலவுக்கு ஆகும். ஒரு பொய்யால் கெட்ட பெயரோ மகன் காலத்திலும் மாறாது.

நிற்க. கேட்பதற்குக் கூசுவதே நோயாயின், அதற்கு மருந்து விற்பவர் கையில் உள்ளது. நமது சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்வோம்: நம்மில் எவர் நிலம் விற்பினும், வாங்குவோர் வாய்திறப்பதற்கு முன்னரே மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல்களைத் தாமாகவே எடுத்துக் கொடுப்பதென ஒரு வழக்கத்தை ஏற்படுத்துவோமாக. அது நிலைபெறின் 'நம்மவர்' என்னும் சொல்லுக்கு உண்மையான பொருள் உண்டாகும்.