விற்பனையும் கவனிப்பும் ஒரே நாற்காலியில்
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விலங்கியல் படித்த நான் இன்று சென்னையில் ஒரு தோல், முடி சிகிச்சை நிலையத்தில் கவுன்சிலர். "டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல, அப்புறம் என்ன வேலை?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வருகிறவரின் குறையைக் கேட்டு, டாக்டரிடம் அனுப்பி, சிகிச்சையையும் செலவையும் விளக்கி, முடிந்தபின் நலம் விசாரிப்பது என் வேலை. மாதம் இத்தனை 'பேக்கேஜ்' விற்க வேண்டும் என்ற டார்கெட்டும் உண்டு. விற்பவரும் நான், கவனிப்பவரும் நான். சங்கடம் அங்கேதான்.

தை மாதம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு கார்த்திகையில் ஒரு மாப்பிள்ளை வருவார். "எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, முகூர்த்தத்துக்குள்ள முடி வந்துடணும்" என்பார். டார்கெட்டைப் பார்த்தால் உடனே பில் போடலாம். ஆனால் நட்ட முடியில் பெரும்பகுதி முதல் 2 மாதத்துக்குள் உதிர்ந்துவிடும். 3, 4 மாதத்தில்தான் புதிதாக முளைக்கத் தொடங்கும். முழுப் பலன் தெரிய 9 முதல் 12 மாதம் ஆகும். மணமேடையில் இப்போது இருப்பதைவிடக் குறைவாகவே தெரியலாம். இதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும்.

இன்னொருவர் 21 வயதுப் பையன். பின்மண்டையிலிருந்து எடுத்துத்தான் முன்னால் நடுகிறார்கள். எடுத்த வேர் அங்கே மறுபடி முளைக்காது. கையிருப்பு அவ்வளவுதான். வழுக்கை எங்கே போய் நிற்கும் என்றே தெரியாத வயதில் அதைச் செலவழித்துவிட்டால், 35 வயதில் என்ன செய்வார்? "மருந்தோட கொஞ்சம் பொறுங்க" என்று டாக்டர் உள்ளே சொன்னதை, நாம் வெளியே "ஆஃபர் இன்னிக்கு மட்டும்தான்" என்று மாற்றிச் சொல்லக் கூடாது.

இது வெறும் அழகு விஷயம் என்று நினைக்காதீர்கள். 2016-இல் சென்னையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் உயிரிழந்தார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், முறையான பயிற்சி பெற்ற டாக்டர்தான் இதைச் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்றது. ஆகவே, சுகர் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா, எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்கா என்று கேட்டபிறகே விலையைப் பேச வேண்டும். மூன்றாம் நாள் "நெத்தி, கண்ணெல்லாம் வீங்கியிருக்கு" என்று போன் வரும். பெரும்பாலும் தானே வடிந்துவிடும். ஆனாலும் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். போனை அவரிடம் சேர்ப்பதுதான் நம் கடமை.

உண்மையைச் சொன்னால் டார்கெட் தானாக வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சில மாதம் ஊக்கத்தொகை இல்லாமல்தான் வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஆனால் எந்த பேஷண்டைத் தெருவில் பார்த்தாலும் நான் ஒதுங்கிப் போக வேண்டியதில்லை.

இந்தத் துறைக்கு வரும் தம்பி தங்கைகள் இண்டர்வியூவில் இரண்டே கேள்வி கேளுங்கள். சிகிச்சை முடியும் வரை டாக்டர் கூடவே இருக்கிறாரா? 'இவருக்கு வேண்டாம்' என்று டாக்டர் சொன்னால், அந்த ஆளை என் டார்கெட்டிலிருந்து கழிப்பீர்களா? பதிலை வைத்தே இடம் எப்படி என்று தெரிந்துவிடும்.