எந்த விளையாட்டுக்கு அதிக உடல் உரம் வேண்டும்?

டீக்கடையில் ஒரு வாக்குவாதம் நடப்பதுண்டு. "ஓட்டப் பந்தயம்தான் கடினம்" என்பார் ஒருவர். "மல்யுத்தம் செய்து பார், தெரியும்" என்பார் இன்னொருவர். "கபடிக்கு ஈடு உண்டா?" என்பார் மூன்றாமவர். யார் சொல்வது சரி?

உடல் உரம் என்பதில் ஐந்து பங்கு உண்டு. ஒன்று, வலு. தூக்கவும் தள்ளவும் அது வேண்டும். இரண்டு, தம். நெடுநேரம் களைக்காமல் இருக்க அது வேண்டும். மூன்று, வேகம். நான்கு, வளைந்து கொடுக்கும் உடம்பு. ஐந்து, சமநிலை. அதாவது விழாமல் நிற்கும் திறன்.

மூட்டை தூக்குகிறவருக்கு வலு இருக்கிறது. நாள் முழுவதும் கதிர் அறுக்கிற பெண்ணுக்குத் தம் இருக்கிறது. மரம் ஏறுகிறவருக்குச் சமநிலை இருக்கிறது. விளையாட்டுகளும் அப்படித்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்கை அதிகமாகக் கேட்கும்.

மாரத்தான் ஓட்டத்தைப் பாருங்கள். தூரம் 42 கிலோ மீட்டர், 195 மீட்டர். நடுவில் ஓய்வு கிடையாது. இதற்குத் தம்தான் முக்கியம். சும்மா இருக்கும்போது பெரியவர்களின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். நன்றாகப் பழகிய ஓட்டக்காரருக்கு 40, 50 முறை துடித்தாலே போதும். ஒரு துடிப்பிலேயே அவர் இதயம் அதிக ரத்தத்தை அனுப்பி விடும். பழகப் பழக இதயமும் உரம் பெறுகிறது.

பளு தூக்குவது வேறு விதம். சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில நொடிகளில் உடம்பின் முழு வலுவும் வெளியே வர வேண்டும்.

கபடியில் பாடிப் போகிறவர் மூச்சை விடாமல் பாட வேண்டும். எதிரணியில் ஏழு பேர் நிற்பார்கள். 30 நொடிக்குள் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பிடித்தால் இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வர வேண்டும். தம், வேகம், வலு மூன்றும் இதில் சேர்ந்து வருகின்றன.

மல்யுத்தமும் குத்துச்சண்டையும் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. மல்யுத்தப் போட்டி மூன்று மூன்று நிமிடமாக ஆறு நிமிடம் நடக்கும். எதிராளியின் முழு எடையையும் தாங்க வேண்டும். தூக்க வேண்டும். வளைய வேண்டும். விழாமல் நிற்கவும் வேண்டும். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் மூன்று சுற்றுகள். சுற்றுக்கு மூன்று நிமிடம். நடுவில் ஒரு நிமிடம்தான் ஓய்வு. ஓட்டக்காரர் களைத்தால் வேகத்தைக் குறைக்கலாம். குத்துச்சண்டைக்காரர் கை தளர்ந்தால் உடனே முகத்தில் அடி விழும்.

ஐந்து பங்கும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று பார்த்தால், இந்த இரண்டும்தான் முன்வரிசையில் நிற்கின்றன.

சரி, இந்த உரம் யாருக்கு வாய்க்கும்? பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? நம் நாட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

மகாராஷ்டிர மாநிலத்தில் கோலேஷ்வர் என்று ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர் கஷாபா ஜாதவ். மல்யுத்த வீரர். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் நடந்தது. அங்கே போகப் பணம் இல்லை. ஊர் மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து உதவினார்கள். அவர் வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார். சுதந்திர இந்தியாவில் தனி ஆளாக ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் மனிதர் அவர்தான். ஊரார் நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகளைக் கட்டிக்கொண்டு அவரை வரவேற்றார்கள்.

அடுத்து மணிப்பூர். மேரி கோம் என்ற பெண். தாயும் தகப்பனும் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள். மேரியும் அவர்களோடு வயலில் வேலை செய்தார். 2000ஆம் ஆண்டில் குத்துச்சண்டை பழகத் தொடங்கினார். வீட்டில் சொல்லவில்லை. பத்திரிகையில் படம் வந்த பிறகுதான் தகப்பனாருக்கு விஷயம் தெரிந்தது. "முகத்தில் காயம் பட்டால் உன்னை யார் கட்டிக்கொள்வார்கள்?" என்பது அவர் கவலை. எத்தனையோ வீடுகளில் உள்ள கவலைதான் அது.

மேரிக்குக் கல்யாணமும் ஆனது. 2007இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. "இனி விளையாட்டு எதற்கு?" என்று பலர் நினைத்திருப்பார்கள். மறு ஆண்டே அவர் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் குத்துச்சண்டை முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் 51 கிலோ எடைப் பிரிவில் வெண்கலம் வென்றார். 2002 முதல் 2018 வரை ஆறு முறை அவர் உலக சாம்பியன்.

"நாங்கள் தினமும் உழைக்கிறோம். எங்களுக்கு ஏன் அந்த உரம் வரவில்லை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உழைக்கும்போது தசை தேய்கிறது. உழைப்புக்குப் பிறகு நல்ல உணவும் உறக்கமும் கிடைத்தால்தான் அது தேறி வளர்கிறது. விளையாட்டு வீரருக்குப் பயிற்சி உண்டு. அதற்கேற்ற சாப்பாடு உண்டு. ஓய்வும் உண்டு. கூலி வேலை செய்கிறவருக்கு உழைப்பு மட்டும் இருக்கிறது. மற்ற இரண்டும் குறைவு. அதனால் உடம்பு வளராமல் ஓய்ந்து போகிறது.

பெண்கள் நிலை இன்னும் மோசம். பல வீடுகளில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதுதான் அவர்களுக்கு. முட்டை ஒன்று இருந்தால் அது மகனுக்குப் போகிறது. மகளும் அதே வயலில்தானே வேலை செய்கிறாள்? அவளுக்கும் வளரும் உடம்புதானே?

பயறு, நிலக்கடலை, கேழ்வரகு, கீரை, முட்டை. முடிந்ததை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகக் கொடுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் மகனைப் போல மகளையும் விளையாட விடுங்கள். கபடிக்கு ஒரு கோடு போதும். கயிறு தாண்ட ஒரு கயிறு போதும். ஓடுவதற்கு ஊர்ப் பாதை இருக்கிறது.

எல்லாரும் பதக்கம் வாங்க முடியாது. ஆனால் பிள்ளைகள் உரமான உடம்போடு வளரலாம். அந்த உரம் அவர்களுக்கு வயலிலும் உதவும், பிரசவத்திலும் உதவும், முதுமையிலும் உதவும்.

நண்பர்களே, இன்று இரவு வீட்டில் சாப்பாடு போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். யார் தட்டில் என்ன இருக்கிறது? நாளை வகுப்பில் அதைப் பற்றிப் பேசுங்கள்.