முறிந்த வீட்டுக்கும் போவோம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



விழா மேடையிலே தற்கொலையைப் பற்றிப் பேசுவது தகுமோ என்று உங்களுட் சிலர் எண்ணுதல் கூடும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆயினும், பேசாது விடுவதனால் ஒரு துயரம் ஊரைவிட்டுப் போய்விடுவதில்லை. அதனால் இந்நன்னாளிலேயே பேசத் துணிந்தோம்.

எங்கள் தீவகத்தில் ஒரு வீட்டிற் சாவு நிகழ்ந்தால் என்ன செய்கிறோம்? அயலார் அடுப்பு மூட்டிச் சோறு கொண்டு போகிறார்கள். உரித்துக்காரர் கூட இருக்கிறார்கள். எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று முப்பத்தோராம் நாள் வரையில் அவ்வீட்டாரைத் தனியே விடுவதில்லை. துக்கம் விசாரிக்கும் இந்த வழக்கத்திலே பெரியதோர் அறிவு அடங்கியிருக்கின்றது.

நிற்க. அதே ஊரில் ஒரு கலியாணப் பேச்சு முறிகின்றது. அல்லது கணவனும் மனைவியும் பிரிகின்றனர். அல்லது அண்ணனும் தம்பியும் காணிப் பிணக்கால் நன்மை தின்மைக்கும் போகாமல் நிற்கின்றனர். அந்த வீட்டுக்கு யார் போகிறோம்? போவதில்லை. போகாததோடு நில்லாமல், சங்கக் கடை வாசலிலும் குறிகட்டுவான் இறங்குதுறையிலும் நின்று அவ்வீட்டுக் கதையைப் பேசுகிறோம். இறந்தவரைப் பிரிந்தவர்க்கு முப்பத்தொரு நாள் துணை. உயிரோடிருப்பவரைப் பிரிந்தவர்க்கு ஒரு நாளும் இல்லை. இது நீதியாகுமா?

இதனை நாம் வெறும் மனவருத்தத்தாற் சொல்லவில்லை. தற்கொலைகளுக்கு வெளிப்படையாகத் தோன்றும் காரணங்களைப் பொலிசார் பதிவு செய்து வருகின்றனர். குடும்பப் பிணக்கும் காதல் முறிவும் அப்பதிவேடுகளிலே தனித்தனி வகைகளாக இடம்பெறுகின்றன. ஒரு சொல்லை இங்கு எச்சரிக்கையாகச் சேர்க்க வேண்டும். எந்த மனிதரும் ஒரேயொரு காரணத்தால் இறப்பதில்லை. உளநோய், குடி, கடன், நாட்பட்ட உடல்நோய், அடி உதை, பழைய இழப்புகள் ஆகியன முன்னரே சேர்ந்திருக்கும். அவற்றின்மேல் உறவின் முறிவும் வந்து விழுகின்றது. ஆதலால், “இன்னாரால்தான் இது நேர்ந்தது” என்று ஊர் விரல் நீட்டுவது பிழை. அஃது இன்னோர் உயிரையும் வதைக்கும்.

எமது நாடு இத்துயரை நன்கு அறிந்த நாடு. 1995 அளவில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் என்ற கணக்கில், உலகிலேயே மிகக் கூடிய தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்றாயிருந்தது. பின்னர் அவ்விகிதம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கிற்று. மிகக் கொடிய பயிர்நஞ்சுகளை அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்தமையே இதற்குத் தலையாய காரணமென அறிஞர் காட்டியுள்ளனர். இதிலிருந்து நாம் அறிவதென்ன? சாக எண்ணும் மனம் பெரும்பாலும் சாவிலே உறுதிகொண்ட மனமன்று. சச்சரவு நடந்த அந்த நேரத்தில் ஆபத்தானது கைக்கு எட்டாமலிருந்தால், அலை இறங்கிவிடுகின்றது, ஆள் பிழைத்துக்கொள்கின்றார். பிழைத்தவருட் பெரும்பாலோர் பின்னரும் வாழ்கின்றனர்.

அந்த அலை இறங்கும் வரையில் பக்கத்தில் யார் இருப்பது? இதுவே எமது கேள்வி.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் மனநல வைத்தியராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் உக்கிரமாயிருந்த காலத்தில் இங்கே தற்கொலைகள் குறைந்திருந்தமையை எடுத்துக் காட்டினார். பிரெஞ்சு அறிஞர் துர்க்கேம் 1897இல் வெளியிட்ட நூலிலும் ஐரோப்பியப் போர்கள் பற்றி இத்தகைய கருத்தே உண்டு. போர் நல்லதென்பது இதன் பொருளன்று. அதன் கொடுமையை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொது ஆபத்திலே மக்கள் ஒருவரையொருவர் தேடுகின்றனர்; ஒரே கூரையின்கீழ் ஒதுங்குகின்றனர்; பகிர்ந்து உண்கின்றனர் என்பதே பொருள். அன்று அச்சத்தினாற் செய்ததை இன்று அன்பினாற் செய்யலாகாதா?

நாமறிந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறோம். பேரும் ஊரும் வேண்டாம். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு நிச்சயித்த பெண். நாளும் வைத்தாயிற்று. ஒருநாள் தொலைபேசியில் எல்லாம் முடிந்து போயிற்று. பிள்ளை அறையை விட்டு வெளிவரவில்லை. உறவினர் கூடிக் குற்றம் யாருடையது என்று வாதாடினர். அடுத்த வளவு மாமி ஒருவர் மட்டும் ஒவ்வொரு பின்னேரமும் வேலியைக் கடந்து வந்தார். ஒருநாள் முருங்கையிலை பிடுங்க வந்தேன் என்பார்; ஒருநாள் அரிவாள் இரவல் கேட்பார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் கேளார். அறை வாசலில் அமர்ந்து, “பிள்ளை, தேத்தண்ணி குடிச்சனியே?” என்பார். அவ்வளவுதான். ஆண்டுகள் சென்றபின் அந்தப் பெண்ணே எமக்குச் சொன்னாள்: “அந்த நாளையில எனக்கு வேற ஒண்டும் இல்லை. பின்னேரம் மாமி வருவா எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். அப்பிடியே நாள் போச்சுது.”

மாமி செய்ததை ஒத்த ஒன்றை உலக சுகாதார நிறுவனமும் ஆராய்ந்து பார்த்தது. கொழும்பு, சென்னை உட்பட ஐந்து நாடுகளின் இடங்களிலே, உயிர்விட முயன்று வைத்தியசாலைக்கு வந்த 1,867 பேரை எடுத்தனர். ஒரு பகுதியினர்க்கு வழமையான சிகிச்சை மட்டும். மற்றப் பகுதியினர்க்கு அதனோடு ஒரு மணிநேர அளவிற் பேச்சும், பின்னர் பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரிப்பும். 2008இல் முடிவு வெளியாயிற்று. வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 2.2 பேர் பின்னர் தற்கொலையால் இறந்தனர். நலம் விசாரிக்கப்பட்டோரில் 0.2 பேரே. ஒன்பது விசாரிப்பு! நாங்கள் ஒரு செத்தவீட்டுக்கு ஒரு கிழமையிற் போகும் தடவைகளிலும் அது கூடியதன்று.

இளைஞர்களே, சங்கத்தின் கடமை இதிலே யாது?

முறிந்த வீட்டுக்குப் போங்கள். தீர்ப்புச் சொல்லவோ சேர்த்து வைக்கவோ போக வேண்டாம். அடிவாங்கும் பெண்ணிடம் “பொறுத்துப் போ” என்று சொல்வது உதவியன்று; அவளைப் பாதுகாப்பான இடத்திற் சேர்ப்பதே உதவி. “கோழை”, “பாவம்” என்னும் சொற்களை அவ்வீட்டு வாசலிலேயே விட்டுவிடுங்கள். அவை துன்பப்படுபவரின் வாயை அடைப்பன. ஐயம் தோன்றினால், “சாக வேணும் எண்டு நினைக்கிறியோ?” என்று அன்போடு நேரே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. சுமை இறங்கவே வழி பிறக்கும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். ஆபத்தானவற்றை எட்டாதபடி அகற்றுங்கள். வைத்தியரிடம் கூடிப் போங்கள். பொலிஸ் வழக்கு வரும் என்று அஞ்சி மறைக்க வேண்டாம். தற்கொலை முயற்சி 1998ஆம் ஆண்டோடு இந்நாட்டிற் குற்றமன்று. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும், 1333 என்ற ஆலோசனை இலக்கத்தையும் மனனம் செய்துகொள்ளுங்கள். நெடுந்தீவு, நயினாதீவு போன்ற இடங்களில் இரவிலே ஒருவரைக் கடல் கடத்துவது எளிதன்று. ஆதலால் இங்கே அயலே முதல் வைத்தியன்.

நாம் முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். இன்றிரவு வீடு திரும்பும்போது, உங்கள் ஒழுங்கையிலே எந்த வீட்டுக்கு நெடுநாளாக எவரும் போகவில்லை என்று எண்ணிப் பாருங்கள். நாளைப் பின்னேரம் அங்கே போங்கள். காரணம் இல்லையென்றால் முருங்கையிலை கேளுங்கள். மறுநாளும் போங்கள்.