கறுத்துப்போன நிலையும் கதவும்: பெயிண்ட் அடிக்கும் முன்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாலக்கோடு பக்கம் உள்ள எங்கள் பூர்வீக வீட்டு மரவேலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். நான் ஆசாரி இல்லை. பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். வேலை நடந்த இரண்டு மாதமும் ஆசாரி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். நம்மில் பலருக்குப் பென்னாகரத்திலோ அரூரிலோ இப்படி ஒரு வீடு இருக்கும்.

அண்ணன் மகள் கல்யாணம் வந்தது. வாசல் நிலை, கதவு, ஜன்னல் சட்டம் எல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தன. பெயிண்ட் ஒப்பந்தக்காரர் வந்து பார்த்தார். "மெஷின் போட்டுத் தேய்த்துவிட்டு ஐவரி எனாமல் அடித்துவிடலாம், நாலு நாள் வேலை" என்றார். அண்ணிக்குச் சம்மதம். அண்ணன்தான், "அப்பா போட்ட தேக்கு, ஒருமுறை ஆசாரியிடம் கேட்டுவிடலாம்" என்றார்.

ஆசாரி முதல் நாள் உப்புத்தாளையே எடுக்கவில்லை. இரண்டு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, நிலையைத் துடைத்தார். துணி கறுப்பாக வந்தது. விளக்குப் புகை, கை எண்ணெய், சாம்பிராணி, தெருப் புழுதி எல்லாம் ஐம்பது வருடமாகப் பாலிஷ் மேல் படிந்தவை. நிறத்தில் பாதி அழுக்குதான். மஞ்சள் பூசிய இடம் மட்டும் போகவில்லை. "அதை வெயில் பார்த்துக்கொள்ளும்" என்றார். உண்மைதான், மஞ்சள் கறை வெயிலில் தானே வெளுக்கும்.

அடுத்தது சோதனை. இதுதான் முக்கியம். கதவின் பின்பக்கம், கீழ் மூலையில், ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒரு நிமிடம் வைத்தார். பிசுபிசுத்துப் பழுப்பு நிறம் பஞ்சில் இறங்கினால் அது அரக்குப் பாலிஷ். அசையாவிட்டால் தின்னர் தொட்டுப் பார்க்க வேண்டும். அதில் இளகினால் பெரும்பாலும் லாக்கர். இரண்டுக்கும் அசையாதது பழைய வார்னிஷோ எனாமலோ. எங்கள் நிலை அரக்கு.

அரக்கு எனக்குப் பழைய சிநேகிதம். வங்கியில் பணப் பெட்டிக்கும் பார்சலுக்கும் உருக்கி முத்திரை வைப்போமே, அதே குடும்பம். பாலிஷுக்கு அவல் மாதிரித் தட்டையான செதிலாக வாங்கி ஸ்பிரிட்டில் ஊறவைக்கிறார்கள். இதில் ஒரு பெரிய வசதி உண்டு. புதுப் பூச்சில் உள்ள ஸ்பிரிட் பழைய பூச்சையும் இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். முழுவதும் சுரண்ட வேண்டியதில்லை. நைந்த இடத்தை மட்டும் 220 நம்பர் தாளில் இழை போகும் திசையிலேயே லேசாகத் தேய்த்து, துணிப் பொட்டலத்தால் மெல்லிசாக ஏழெட்டு முறை பூசினார். உள்ளிருந்து தேக்கின் செம்பழுப்பு வந்தது. அண்ணி பேசவில்லை, போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார்.

குறையும் சொல்ல வேண்டும். அரக்குக்குத் தண்ணீரும் சூடும் ஆகாது. சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். மழைக்காலத்தில் பூசினால் ஈரம் ஏறி மங்கும். தை, மாசியில் செய்வது நல்லது. குளியலறைக் கதவுக்கு வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டிலும் குளியலறைக் கதவுக்கும், ஒட்டுப்போட்ட வேப்பமரச் சட்டங்களுக்கும் எனாமல்தான் அடித்தோம். எல்லா மரமும் தேக்கு இல்லை. எல்லாவற்றையும் பாலிஷ் போட வேண்டும் என்பது என் கட்சியும் இல்லை. மேலே கைமரங்களில் கரையானுக்காக அந்தக் காலத்தில் பூசிய முந்திரிக்கொட்டை எண்ணெய் இருந்தது. தோலில் பட்டால் புண்ணாக்கும் பொருள். அதைத் தொடாமல் விட்டுவிட்டோம்.

ஜன்னல்களில் இருந்த பழைய பச்சைப் பெயிண்ட்தான் எனக்குக் கவலையாக இருந்தது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் தாராளமாக இருந்திருக்கலாம். மெஷினால் உலரத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறக்கும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்; இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அண்ணன் வீட்டில் ஒன்றரை வயதுப் பேரன் இருக்கிறான். அவனைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர் தெளித்து, வாட்டர்பேப்பரால் ஈரத்தோடு தேய்த்தார்கள். தீ காட்டி உரிக்கவில்லை. தரையில் பாலித்தீன் விரித்து, முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தார்கள். துடைப்பம் தொடவில்லை.

இதை ஏன் நம் சங்கத்தில் சொல்கிறேன்? போன மாதம் நம் மாடி வராந்தாவிலேயே ஒரு பழைய கதவைச் சாய்த்து வைத்து மெஷின் ஓட்டினார்கள். தூள் லிஃப்ட் வரை கிடந்தது. அந்த வழியாகத்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். அதே மூலையில் ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணிகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். குவியலாக இருந்தால் தானே தீப்பிடிக்கும். துணியைத் தனித்தனியாக வெளியில் விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் வாளியில் போட வேண்டும்.

மாசியில் மரவேலை வைத்திருப்பவர்கள் ஒரு வாரம் முன்னதாகச் செயலாளரிடம் சொல்லுங்கள். பின்பக்கக் காலி இடத்தில் தார்ப்பாய் கட்டித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தண்ணீர்க் குழாயும் அங்கேயே இருக்கிறது.