வாயில் திறந்தது, வழி திறக்கவில்லை!



ஏழைப் பிள்ளைகள் கல்லூரி வாயிலை மிதிப்பதற்கு நம் முன்னோர் நெடும்போர் நிகழ்த்தினர். அதன் பயன்கள் பலவாம். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு நீங்கியது. குடும்பத்தில் முதல்வராய்ப் பட்டப்படிப்பிற்கு வருவோர்க்குத் தொழிற்கல்விக் கற்பிப்புக் கட்டணம் 2010இல் தள்ளப்பட்டது. அரசுப் பள்ளியிற் பயின்று கல்லூரி புகுவோர்க்குத் திங்கள்தோறும் 1,000 உருபா வழங்கும் திட்டம் பெண்களுக்கு 2022இலும் ஆண்களுக்கு 2024இலும் தொடங்கிற்று. 2021-22ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை இந்திய அளவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டிலோ 47 விழுக்காடு. மகிழ்கின்றோம்!

ஆயின், சேர்ந்தோர் அனைவரும் பட்டத்தோடு வெளிவருகின்றனரா? பன்னிரண்டு ஆண்டுகள் தமிழிற் கற்ற மாணவன், முதல் நாளிலேயே கணக்கையும் விசையியலையும் ஆங்கிலத்திற் கேட்கின்றான். அறிந்ததையே அறியாததுபோல் மருள்கின்றான். எழுந்து வினவ நாணுகின்றான். பொருள் விளங்காமலே நெட்டுருப் போடுகின்றான். நிலுவைத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்கின்றன. இறுதியிற் கூலி வேலைக்குப் போகின்றான். வறுமையும் அவனைப் பின்னிழுக்கின்றது, மறுப்பாரில்லை. ஆயினும், கட்டணச் சுமையை இறக்கிய அரசு மொழிச் சுமையை இறக்கவில்லையே!

தமிழில் உயர்கல்வி இயலாதென்பார்க்கு வரலாறே விடை கூறும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே தமிழில் மருத்துவங் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். ஐதராபாத்தின் உசுமானியாப் பல்கலைக்கழகம் 1918இல் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டே தோன்றியது. கோத்தாரிக் கல்விக் குழுவும் 1966இல், பத்தாண்டுகளுக்குள் அவ்வந்நில மொழிகளே பல்கலைக்கழகப் பயிற்றுமொழியாதல் வேண்டுமென்றது.

நாம் செய்ததென்ன? அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் 2010இல் தமிழில் தொடங்கிற்று. 2023இல், சேர்க்கை குறைவென்று, உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்துவதாக அறிவித்தது. எதிர்ப்பெழுந்தபின் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. தமிழ்வழிப் பட்டத்திற்கு வேலை கிட்டாதென்னும் அச்சம் இருக்கையில் எவர் சேர்வார்? தமிழ்வழிக் கற்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை தந்த 2010ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளோடு நின்றது. தனியார் வாயிலை எட்டவில்லை.

ஆகவே நாம் கேட்பன மூன்று: எல்லாப் பட்டப்படிப்பிலும் தமிழிற் கற்றுத் தமிழில் தேர்வெழுதும் உரிமை, ஒவ்வொரு பாடத்திற்கும் தெளிந்த தமிழ்நூல், தமிழ்வழிக் கற்றோர்க்குத் தனியார் துறையிலும் வேலை உறுதி.

பேராசிரியப் பெருமக்களே! அரசாணைக்குக் காத்திராதீர்கள். நீங்கள் கற்பிக்கும் பாடத்தைத் தமிழில் எழுதத் தொடங்குங்கள். கடைசி இருக்கையில் வாய்மூடி அமர்ந்திருக்கும் மாணவன் எழுந்து வினவுவான், கற்றுத் தேறுவான், பட்டமும் பெறுவான்.

வெல்க தமிழ்!