காய்ச்சலை மறைக்க வைப்பது யார்?

உலக அஞ்சல் தினமான அக்டோபர் 9 வந்தால் தபால்காரரைப் புகழ்ந்து பேசுவதும், பொன்னாடை போர்த்துவதும், கலைந்துபோவதும் நமக்குப் பழகிவிட்டது. இன்று பொன்னாடையைக் கொஞ்ச நேரம் மடித்து வைத்துவிட்டு, கொரோனா காலத்துக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: தொற்றுக் காலத்தில் ஓர் ஊழியர் "எனக்குக் காய்ச்சல்" என்று வாய்திறந்து சொல்வாரா என்பதும், சொன்னால் அன்றைய சம்பளம் கிடைக்குமா என்பதும் ஒரே கேள்வி. நிர்வாகங்கள் இதை இரண்டாக வெட்டி, சம்பளத்தைக் கணக்குப் பிரிவிடமும் தகவலைச் சுற்றறிக்கையிடமும் ஒப்படைத்தன. இரண்டும் கெட்டது அதனால்தான்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு வந்தது. அஞ்சல் சேவை அத்தியாவசியப் பட்டியலில் இருந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜன் தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் போடப்பட்டது. பஸ் ஓடாத ஊரிலிருந்து வங்கிக்கு எப்படிப் போவது? அஞ்சல்காரர்தான் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் வழியாக வீட்டு வாசலுக்கே போய், ஆதார் கைரேகை வாங்கிப் பணம் கொடுத்தார். யாரையும் தொடாதே என்று நாடே சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் கையில் இருந்த கருவி விரலை வைத்தால்தான் வேலை செய்யும். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். முதல் தடவை பதியாது. விரலைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். அடுத்த வீட்டில் அதே கருவி, வேறொரு முதியவரின் விரல். நோய் வந்தால் தாங்க மாட்டாதவர்களாகப் பார்த்துத் தேடிப் போகிற வேலை அது. அப்படிப்பட்டவருக்குக் காலையில் தொண்டை கரகரத்தால், அன்று அவர் வீட்டில் இருக்க வேண்டியது அவர் ஒருவருக்காகவா?

கிளை அஞ்சலகங்களை நடத்துகிற கிராம அஞ்சல் ஊழியர்களுக்கு, நாம் ஜி.டி.எஸ். என்று சொல்கிறோமே அவர்களுக்கு, விதி வைத்திருப்பது அரையாண்டுக்கு 10 நாள் சம்பள விடுப்பு. 2018 மாற்றங்களில் ஆண்டுக்கு 5 நாள் அவசர விடுப்பு சேர்ந்தது. இலாகா ஊழியருக்கு ஈட்டிய விடுப்பு தனி, மருத்துவச் சான்று கொடுத்து எடுக்கும் விடுப்பு தனி. ஜி.டி.எஸ். ஊழியருக்குக் கல்யாணம், காது குத்து, கருமாதி, காய்ச்சல் எல்லாம் அந்தக் கைப்பிடி நாட்களுக்குள் அடங்க வேண்டும். போதாததற்கு, விடுப்பு வேண்டுமானால் பதிலாள் ஒருவரைத் தன் பொறுப்பில் காட்டிவிட்டுப் போவது நெடுங்கால வழக்கம். சாதாரண நாளிலேயே அது தொல்லை. தொற்று பரவும்போது, "எனக்குக் காய்ச்சல், நீ வந்து என் கருவியையும் பையையும் வாங்கிக்கொள்" என்று யாரைக் கூப்பிடுவார்? 1977இல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இவர்கள் அரசின் சிவில் பதவி வகிப்பவர்கள்தான் என்று சொன்னது. பதவி என்று ஒப்புக்கொண்டாயிற்று. அந்தப் பதவியில் இருப்பவருக்கு உடம்புக்கு வரும் என்பதை விதிப்புத்தகம் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

சம்பள விடுப்பு நோயைத் தடுக்குமா, அல்லது இது சங்கத்துக்காரர்களின் ஆசையா என்று கேட்கலாம். அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே நிரந்தர அஞ்சல் ஊழியருக்கு நோய் விடுப்பு உண்டு. நிரந்தரமாகாத உதவி ஊழியருக்கு அப்படித் தனி விடுப்பு கிடையாது. 2020 மார்ச்சில் தொழிற்சங்கங்கள் பேசி அவர்களுக்கு 80 மணி நேரச் சம்பள விடுப்பு வாங்கின. அதே மாதம் நாடாளுமன்றமும் பல துறை ஊழியர்களுக்கு அதே அளவு அவசர விடுப்பைச் சட்டமாக்கியது. பிக்லர், வென், ஸீபார்த் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்தச் சட்டத்தின் பலனை அளந்தார்கள். முன்பு இந்த உரிமை இல்லாமல் இருந்து புதிதாகப் பெற்ற மாநிலங்களில், மாநிலத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 400 தொற்றுகள் குறைந்ததாகக் கண்டார்கள். இது அஞ்சல் ஊழியர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு இல்லைதான். ஆனால் வாசல் வாசலாக ஏறி இறங்குகிறவரிடம் பலன் குறைவாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. அந்தச் சட்டக் கட்டாயம் 2020 டிசம்பர் 31இல், குளிர்கால அலை உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, காலாவதியானது வேறு கதை. அவசரத்துக்குப் போட்ட உத்தரவுக்கு ஆயுள் அவ்வளவுதான்.

சரி, விடுப்பு இருக்கிறது, தகவல் இல்லை. அப்போது என்ன ஆகும்? அதற்குக் கொரோனாவுக்கு முந்தைய ஒரு சாட்சி இருக்கிறது. 2001 அக்டோபர் 15இல் வாஷிங்டனில் செனட்டர் டாஷலின் அலுவலகத்தில் ஆந்த்ராக்ஸ் தூள் வைத்த கடிதம் பிரிக்கப்பட்டது. அங்கிருந்தவர்களுக்கு உடனே பரிசோதனை, உடனே மருந்து. அந்தக் கடிதம் வந்த வழியில் இருந்த பிரென்ட்வுட் தபால் பிரிப்பு நிலையம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஒட்டிய உறைக்குள்ளிருந்து தூள் வெளியே வராது என்று நிபுணர்கள் நினைத்தார்கள். 18ஆம் தேதி அஞ்சல் துறைத் தலைவர் அதே கட்டடத்தில் நிருபர்களைக் கூட்டி பயமில்லை என்றார். 21ஆம் தேதிதான் மூடினார்கள். அங்கே வேலை பார்த்த மோரிஸ் அன்றும், கர்சீன் மறுநாளும் இறந்தார்கள். மோரிஸ் அன்று காலையில் அவசர உதவிக்குத் தொலைபேசியில் பேசியது பதிவாகியிருக்கிறது: சந்தேகத்துக்கிடமான ஒரு கடிதத்தைப் பற்றித் தான் கேட்டும் நேரான பதில் கிடைக்கவில்லை என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறார். பிற்பாடு அந்த நிலையத்துக்கு அவர்கள் இருவர் பெயரையும் வைத்தார்கள். கேள்விக்கு நேரத்தில் பதில் சொல்லியிருந்தால் பெயர்ப்பலகைக்கு அவசியம் வந்திருக்காது.

தகவலைச் சொல்லாததற்கு நிர்வாகம் எப்போதும் சொல்கிற காரணம், நோயாளியின் அந்தரங்கம். நியாயமான கவலைதான். ஆனால் சக ஊழியர் கேட்பது பெயரை இல்லை. எந்தப் பிரிவு, எந்த நாள், எந்த ஷிப்ட், எந்தப் பை: இவ்வளவு போதும். எங்கள் மெயில் ஓவர்சியரிலிருந்து உட்கோட்ட ஆய்வாளர் வரை எல்லோரிடமும் கைபேசி இருக்கிறது. கை கழுவு, முகக்கவசம் போடு என்று மேலிருந்து கீழே அனுப்பத் தெரிந்த அதே வழியில், கீழிருந்து மேலே ஒரு செய்தி வர வேண்டும். சம்பளம் போகும் என்ற பயம் அந்த வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

பொய்க் காய்ச்சல் சொல்லி லீவு போடுவார்களே என்பது அடுத்த கேள்வி. சிலர் போடுவார்கள், மறுக்கவில்லை. பிரிட்டனில் முதல் 7 நாளுக்கு மருத்துவர் சான்று கேட்பதில்லை. அதனால் அந்த நாட்டில் தபால் நின்றுவிடவில்லை. பொய்க் காய்ச்சலால் ஒரு நாள் வேலை கெடும். மறைத்த காய்ச்சலால் ஒரு தெரு படுக்கும். எல்லோரும் லீவில் போனால் தபாலை யார் கொடுப்பது என்றும் கேட்பார்கள். பிரிட்டனின் ராயல் மெயில் நிறுவனம் 2020 மே 2 முதல் சனிக்கிழமைக் கடித விநியோகத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஆள் வரவில்லை என்பதை வெளிப்படையாகச் சொன்னது. ஊழியர் சங்கத்துக்கு அந்த முடிவின் மேல் கோபம் இருந்தது. ஆனாலும் ஆளைக் கசக்குவதற்குப் பதில் வேலையைக் குறைக்கலாம் என்பதற்கு அது ஒரு முன்னுதாரணம். அந்த நாட்டிலும் எல்லாம் சீராக இல்லை: வாரத்துக்கு 94 பவுண்டு சொச்சம் இருந்த சட்டப்படியான நோய்க்காலத் தொகையில் உங்களால் வாழ முடியுமா என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, அன்றைய சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக்கே முடியாது என்றுதான் சொன்னார்.

கடைசியாகப் பணம். 2020 ஏப்ரலில், பணியின்போது கொரோனாவால் இறக்கும் அஞ்சல் ஊழியர் குடும்பத்துக்கு, ஜி.டி.எஸ். உட்பட, 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. வரவேற்கத்தக்கது. இப்போது கூட்டிப் பாருங்கள். 10,000 ரூபாய் அடிப்படை வாங்குபவரை 14 நாள் சம்பளத்தோடு வீட்டில் வைக்க ஏறத்தாழ 4,700 ரூபாய். பதிலாளுக்கும் அதே தொகை கொடுத்தாலும் 10,000ஐத் தொடாது. ஒரு சாவுக்குக் கொடுக்கும் இழப்பீட்டில் நூறு பேரைத் தனிமைப்படுத்தி, அவர்கள் ஊரையும் காக்கலாம். அகவிலைப்படியைச் சேர்த்தால் எண்ணிக்கை கொஞ்சம் இறங்கும், கணக்கு மாறாது.

ஜி.டி.எஸ். ஊழியர்களுக்கு ஊதியக் குழு கிடையாது. தல்வார், நடராஜமூர்த்தி, கமலேஷ் சந்திரா என்று தனிக் குழுக்கள்தான் வந்திருக்கின்றன. அடுத்த குழு வரும்போது சங்கங்கள் கொடுக்கும் மனுவில், சம்பள உயர்வுக்கு அடுத்த வரியாக மூன்று கேளுங்கள்: சம்பள விடுப்பிலிருந்து தனியாக, முதல் வாரத்துக்குச் சான்று கேட்காத நோய் விடுப்பு; பதிலாளைத் தேடும் பொறுப்பு இலாகாவுக்கு; தொற்று கண்ட அலுவலகத்தின் விவரம் அன்றே, தமிழிலேயே, அங்கே பை கட்டுகிற கடைசி ஆள்வரைக்கும்.