வயிற்றுக்கும் முகவரி உண்டு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் மருத்துவர் அல்லோம். பார்சல் ஆபீஸில் பேரேடு எழுதும் குமாஸ்தாவே. எனினும் நம் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி, வயிற்றைப் பற்றிச் சிறிது கற்குமாறு நம்மைப் பணித்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு நம் இளைய மகனுக்குத் தொப்புளைச் சுற்றி வலி கண்டது. உணவை வெறுத்தான், வாந்தியும் எடுத்தான். அஜீரணம் என்றெண்ணி விளக்கெண்ணெய் புகட்டினோம். விடியுமுன் வலி வலப்புறம் கீழே இறங்கிற்று. "எங்கே தொடங்கியது? இப்போது எங்கே?" என்று மருத்துவர் இந்தியில் வினவினார். நாமோ "பேட் மே தர்த்" என்பதையே திரும்பத் திரும்பக் கூறினோம். ஊர்ப்பெயர் எழுதாத பார்சலை எந்த வண்டியில் ஏற்றுவது? அறுவை செய்தபோது குடல்வால் வெடித்திருந்தது. பல நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தான்.

வயிற்றின் முகவரி எளியது. தொப்புளின் வழியே நெடுக்காக ஒரு கோடும் குறுக்காக ஒரு கோடும் வரைந்தால் நான்கு கால்கள் ஆகும். வலது மேற்காலில் கல்லீரலும் பித்தப்பையும்; இடது மேற்காலில் இரைப்பையின் பெரும்பகுதியும் மண்ணீரலும்; வலது கீழ்க்காலில் குடல்வால்; இடது கீழ்க்காலில் பெருங்குடலின் இறுதி வளைவு. வலம் என்பது நோயாளியின் வலமேயன்றி எதிரே நிற்பவரின் வலமன்று.

இன்னும் நுட்பமாகக் கூற விரும்புவோர், நெடுக்கில் இரண்டும் குறுக்கில் இரண்டுமாகக் கோடிட்டு ஒன்பது கட்டங்களாகப் பிரிப்பர். நடுவரிசையில் மேல்வயிறு, தொப்புட்பகுதி, அடிவயிறு. இருமருங்கிலும் விலாவடி, இடுப்புப்புறம், தொடைச்சந்தின் மேற்பகுதி.

வலி இடம் மாறியதேன்? குடல்வால் வீங்கத் தொடங்குகையில் அதன் நரம்புகள் தொப்புளருகே மங்கலான வலியாகவே உணர்த்தும். அழற்சி வயிற்றின் உட்சுவர்ச் சவ்வைத் தொட்டதும் வலி தன் சொந்த இடத்தில் நிலைகொள்ளும். இடுப்பெலும்பின் வலது முன்முனையிலிருந்து தொப்புளை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தொலைவிலுள்ள புள்ளியே அவ்விடம் என 1889இல் மக்பர்னி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதினார்.

ஆயினும் முகவரி மட்டுமே நோயன்று. சிறுநீரகக் கல்லின் வலி விலாப்புறம் தோன்றித் தொடைச்சந்துக்கு இறங்கும். மேல்வயிற்று வலி சில வேளை மாரடைப்பாகவும் இருக்கும். மாதவிலக்குத் தள்ளிய நாட்களில் அடிவயிற்றில் வலி கண்டால், தாய்மார்கள் கூச்சத்தால் மறைத்தலாகாது. கரு, கருப்பைக்கு வெளியே தங்கியதாகவும் இருக்கக்கூடும்.

ஆகவே வலி கண்டால் ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். தொடங்கிய இடம், நகர்ந்த இடம், நேரம், உடன் வந்த காய்ச்சல் அல்லது வாந்தி ஆகியவற்றைக் கூறுங்கள். ஊபர், நீச்சே, தாயே, பாயே என்னும் நான்கு சொற்கள் போதும். அவை மேல், கீழ், வலம், இடம். நாபி இரு மொழிக்கும் பொது. காரணம் தெரியாத வலிக்குப் பேதி மருந்து கொடாதீர்கள். குடல்வால் வீங்கியிருப்பின் அது வெடிப்பதற்கு வழிகோலும்.

நாம் செய்த பிழையை இக்காலனியில் இன்னொரு தந்தை செய்யாதிருப்பாராயின், இச்சிற்றுரை பயனுடையதாகும்.